வெள்ளம் புகுந்த சமையலறையை மீண்டும் திறக்க ஆன 17 நாள்: வேலைப் பதிவு

கைகழுவும் தொட்டியின் குழாய்முனையில் திருகியிருந்த, விரல்நுனி அளவு வலை ஒன்றால் 11 நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை 17 நாளாக நீண்டது. மூன்றாவது நீர் மாதிரி நேற்றுத் தேறியது. எது சரியாக வந்தது, எங்கே பிசகியது, எவ்வளவு பொருள் போனது என்பதெல்லாம் மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறோம். வெள்ளப் பகுதியில் உணவுத் தொழில் நடத்துகிறவர்கள் இதை வெள்ளம் வருவதற்கு முன்பே படித்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

இடத்தின் அளவு: 60 சதுர மீட்டர் சமையலறை, பக்கத்தில் சிறிய சரக்கறை. தண்ணீர் 40 செ.மீ. உயரத்துக்கு ஏறி, ஏறக்குறைய 30 மணி நேரம் நின்றது. மின்சாரம் 46 மணி நேரம் இல்லை. வேலை செய்தவர்கள் ஐந்து பேர்.

முன்னேற்பாடு: பலித்ததும் பலிக்காததும்

எச்சரிக்கை வந்ததும் இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. முதலில் வெப்பமானிகளைச் சரிபார்த்தோம். ஒரு குவளை நிறைய நொறுக்கிய பனிக்கட்டி, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர், ஒரு கலக்கு. வெப்பமானியின் குத்தும் முள் குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். எண் அசையாமல் நின்றதும் பார்த்தால் 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இருந்த மூன்றில் ஒன்று 2.5 காட்டியது. அதை எடுத்து ஓரம் வைத்தோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் இருந்திருந்தால் பின்னால் எந்தப் பொட்டலத்தை வைப்பது, எதை எறிவது என்ற முடிவெல்லாம் தவறாகப் போயிருக்கும்.

பெரிய ஃப்ரீசரில் இருந்த காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி உறைய வைத்தோம். பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு காலியாக விட வேண்டும். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். மூடியைத் திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. அந்தப் பாட்டில்கள்தான் பிறகு சரக்கைக் காப்பாற்றின. ஃப்ரீசரையே நான்கு கட்டைகள் மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தூக்கியிருந்தோம். இரண்டாவது ஃப்ரீசர் பாதிதான் நிரம்பியிருந்தது, தூக்க ஆளும் நேரமும் இல்லாததால் தரையிலேயே நின்றது.

உலர்சரக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறியது. மூடியுள்ள டிரம்களில் 200 லிட்டர் குடிநீர் பிடித்து மாடியில் வைத்தோம். மின் இணைப்பையும் எரிவாயுவையும் எங்கே, எப்படி அணைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தோம். நெருக்கடியில் அது கைகொடுத்தது.

பிழை வாசலில் நடந்தது. வாசலுக்கு 50 செ.மீ. உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கினோம். தண்ணீர் வாசலை எட்டும் முன்பே தரைவடிகால் வழியாகக் கொப்பளித்து உள்ளே ஏறிவிட்டது. சாக்கடைக் குழாயில் திரும்பிவராமல் தடுக்கும் வால்வு இல்லை, வடிகால் வாயையும் அடைக்கவில்லை. இதனால் நடந்தது வெறும் ஈரம் அல்ல. வாசல் வழி வரும் வெள்ளமே அசுத்தம்தான். இங்கே வந்தது மலக்கழிவு கலந்த தண்ணீர் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது. காற்றடைத்து விரியும் ரப்பர் அடைப்பான் ஒன்றை வடிகாலுக்குள் இறக்கியிருந்தாலே பாதி வேலை குறைந்திருக்கும்.

மின்சாரம் இல்லாத 46 மணி நேரம்

மின்சாரம் நின்ற நேரத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலேயே மார்க்கரால் எழுதினோம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்; பிறகு 'எத்தனை மணிக்கு நின்றது' என்று ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். கதவு திறக்காத குளிர்பதனப் பெட்டிக்கு 4 மணி நேரம்தான் கணக்கு என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். அந்த 4 மணி நேரத்துக்குள் பால், இறைச்சி, மீன், சமைத்த பதார்த்தங்கள் எதையும் வேறு குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வழி கிடைக்கவில்லை. அதனால் எல்லாம் குப்பைக்குப் போயின. முகர்ந்து பார்த்தோ சுவைத்துப் பார்த்தோ எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நோய் தரும் கிருமி பெருகிய உணவு பெரும்பாலும் கெட்ட வாடை அடிப்பதில்லை.

ஃப்ரீசர் விஷயத்தில் ஒரு பாடம். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து உள்ளே விடும் பழைய உத்தி உண்டு. பனி உருகினால் நாணயம் கீழே இறங்கும். மீண்டும் உறைந்தாலும் இறங்கியது இறங்கியதுதான். கிண்ணத்தை ஃப்ரீசரின் அடி மூலையில் வைத்திருந்தோம். 46 மணி நேரம் கழித்துத் திறந்தபோது நாணயம் அசையாமல் மேலேயே இருந்தது. நல்லவேளையாக அதோடு நிற்காமல் பொட்டலங்களுக்கு இடையில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தோம். அடியில் மைனஸ் 4, நடுவில் மைனஸ் 1, மேலடுக்கில் பிளஸ் 6. மேல்மூடி உள்ள ஃப்ரீசரில் குளிர்காற்று அடியில் தங்கும், மேலடுக்குதான் முதலில் இளகும். கிண்ணம் வைக்க வேண்டிய இடம் மேலடுக்கு. மேலடுக்குப் பொட்டலங்கள் எவ்வளவு நேரமாக 5 டிகிரிக்கு மேல் இருந்தன என்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை. அதனால் 14 கிலோ போனது. நடுவிலும் அடியிலும் பனிப்படிகம் கண்ணுக்குத் தெரிந்த, கெட்டியாக இருந்த பொட்டலங்களை மட்டும் மின்சாரம் உள்ள வேறு குளிர்கிடங்குக்கு மாற்றினோம்.

தரையில் நின்ற இரண்டாவது ஃப்ரீசரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கேஸ்கெட் (மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு) வழியாக வெள்ளநீர் உள்ளே போயிருந்தது. அப்படியே மொத்தமும் வெளியேறியது.

சமையலறையை மூடிய நாட்களில் மாடியில் ஓர் அறையில் சூடான உணவு மட்டும் சமைத்துக் கொடுத்தோம். பச்சையாகப் பரிமாறும் எதுவும் இல்லை, முதல்நாள் மிச்சம் எதுவும் இல்லை. பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் சூடு இருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் முள்ளைக் குத்தி எழுதி வைத்தோம். கைகழுவ, அடியில் குழாய் வைத்த 20 லிட்டர் கேன், கீழே ஒரு வாளி, சோப்பு, காகிதத் துண்டு. ஒருவர் ஒழுங்காகக் கழுவ அரை லிட்டர் ஆகிறது, அதாவது ஒரு கேனில் 40 கழுவல். அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் குழாய் வேண்டாம். ஒரு கையால் குழாயை அழுத்திக்கொண்டு மறுகையை மட்டும் நனைப்பது கைகழுவுவதாகாது. திருகித் திறந்துவிடும் குழாய்தான் சரி. தண்ணீர் நன்றாகக் கொதித்துப் புரண்ட பிறகு 1 நிமிடம் கொதிக்கவிட்டுப் பயன்படுத்தினோம்.

முதல் இரண்டு நாள்: எறிய வேண்டியதை எறிதல்

தண்ணீர் வடிந்ததும் உள்ளே போகும் முன் மின் இணைப்பு அணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் உறுதி செய்தார். முழங்கை வரை நைட்ரைல் கையுறை, கம்பூட்ஸ், கண்ணாடி. காலில் வெட்டுக்காயம் இருந்த ஒருவரைச் சேற்று வேலையில் விடவில்லை. எலிக்காய்ச்சல் கிருமி இத்தகைய தண்ணீரில் இருக்கும், காயம் வழியாக உள்ளே போகும்.

எறிந்தவற்றை எடை போட்டு, படம் எடுத்து, பட்டியலிட்டோம். இது காப்பீட்டுக்கும் உதவும். பைகளில் கட்டும் முன் உணவின் மேல் பிளீச் ஊற்றினோம். யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடக் கூடாது.

எதை வைத்துக்கொள்ளலாம் என்பதில் பட்டியல் சிறியது. தண்ணீர் தொட்ட மாவு, தானியம், காகிதப்பெட்டி, பிளாஸ்டிக் பை, திருகுமூடி பாட்டில், இழுத்துத் திறக்கும் மூடி எல்லாம் குப்பை. திருகுமூடியின் மரைகளுக்கு இடையில் சேறு புகும், அதை எந்தக் கரைசலாலும் வெளியே எடுக்க முடியாது. மரக் கரண்டி, மர வெட்டுப்பலகை, கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகை, ரப்பர் பிடி உள்ள கத்திகள் போயின.

தையல் (தகரம் மடித்துச் சேர்த்த விளிம்பு) சரியாக உள்ளவையா என்று பார்க்க வேண்டிய, உணவு அடைத்த தகரக் குப்பிகள் 96 இருந்தன. உணவு ஆய்வாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே அவற்றைத் தொட்டோம்; எல்லா இடத்திலும் இதற்கு அனுமதி கிடைக்காது. ஒதுங்கியவை 31: விளிம்புத் தையலில் நசுங்கியவை, துரு அரித்தவை, உப்பியவை. மீதி 65 குப்பிகளின் லேபிளைக் கிழித்தோம், ஏனென்றால் காகிதத்துக்கு அடியில் சேறு தங்கும். பிரஷால் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, 200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 200 பங்கு) குளோரின் கரைசலில் 15 நிமிடம் ஊறவைத்து, காற்றில் உலர்த்தி, பெயரையும் காலாவதித் தேதியையும் மார்க்கரால் எழுதினோம். லேபிளைக் கிழிக்கும் முன்பே தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் 8 குப்பிகளுக்கு இதைச் செய்ய மறந்தோம், அந்த எட்டும் போயின.

சேறு அகற்றல்

சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ள வேண்டும். காய்ந்தால் இரு மடங்கு வேலை. வைப்பரும் மண்வெட்டியும் முதலில், பிறகு தண்ணீர். மேலிருந்து கீழாகக் கழுவினோம்: எக்ஸாஸ்ட் உறை, சுவர், மேஜை, கடைசியில் தரை.

இரண்டாம் நாளில் பிரஷர் வாஷரை எடுத்தது தவறு. வேகமாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் சாக்கடைத் துளி மேற்கூரை வரை தெறித்து, ஏற்கெனவே கழுவிய எக்ஸாஸ்ட் உறையில் படிந்தது. அதைவிட மோசம், சுவர்ப்பலகையும் தரையும் சேரும் இடுக்கு வழியாகச் சேற்றுநீர் பலகைக்குப் பின்னால் போனது. அதன்பின் சாதாரண ஹோஸ் பைப், கெட்டி நார் பிரஷ், சோப்பு நீர் மட்டுமே. பிரஷர் வாஷரை வெளிமுற்றத்துக்கு விட்டோம்.

எவர்சில்வர் மேஜைகள் பார்வைக்குச் சுத்தமாகிவிட்டன. நான்காம் நாள் ஒரு மேஜையை நகர்த்தியபோது காலிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. கால்கள் குழாய்கள், உள்ளே காலி. அடிக்குமிழைத் திருகிக் கழற்றினால் ஒவ்வொரு காலிலும் ஒரு தம்ளர் அளவு வெள்ளநீர், அடியில் மணல். ஆறு மேஜை, 24 கால். எல்லாவற்றையும் கழற்றி, பாட்டில் பிரஷால் உள்ளே தேய்த்து, கரைசல் ஊற்றி 10 நிமிடம் நிறுத்தி, தலைகீழாக வைத்து உலர்த்தினோம். இரண்டு மேஜைகளின் கீழ்த்தட்டுக்கு அடியில் சத்தம் வராமலிருக்க மரத்தூள் பலகை ஒட்டியிருந்தது. அது ஊறி அப்பளம் போலப் பிரிந்தது. சுரண்டி எடுத்தோம். உங்கள் மேஜைகளையும் ஒருமுறை குனிந்து அடியில் பாருங்கள்.

குளிர்பதனப் பெட்டி வெளியே பளபளவென்று வந்தது. கேஸ்கெட்டின் மடிப்பைப் பிரித்து வெள்ளைத்துணியால் துடைத்தபோது துணி கறுத்தது. கேஸ்கெட்டை மாற்றினால் போதும் என்று நினைத்தோம். பின்பக்க அடித்தகட்டைக் கழற்றியதும் உள்ளிருக்கும் நுரைத்தடுப்பு தண்ணீரைக் குடித்துக் கனத்திருந்தது தெரிந்தது. ஊறிய நுரையைக் கழுவவும் முடியாது, உலர்த்தவும் முடியாது. தரையில் நின்ற ஃப்ரீசருக்கும் அதே கதி. இரண்டும் போயின. முதல் நாளே தகட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால், துடைத்ததில் போன 9 ஆள்-மணி மிச்சமாகியிருக்கும்.

குளோரின்: அளந்து ஏமாந்தது

வரிசை இதுதான்: சோப்பால் கழுவு, அலசு, கிருமிநீக்கு, காற்றில் உலர விடு. சேறும் எண்ணெய்ப்பசையும் இருக்கும் இடத்தில் குளோரினை ஊற்றினால் அது சேற்றோடு சண்டை போட்டே தீர்ந்துபோகும்.

கலக்கும் கணக்கு: வேண்டிய பிபிஎம் × தண்ணீர் லிட்டர் ÷ (பிளீச்சின் சதவீதம் × 10) = ஊற்ற வேண்டிய மி.லி. உணவு படும் பரப்புக்கு 200 பிபிஎம், 10 லிட்டர் வாளி, 5 சதவீத பிளீச் என்றால் 40 மி.லி. சுவருக்கும் தரைக்கும் 500 பிபிஎம் என்றால் 100 மி.லி. பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் என்றால், 10 லிட்டரில் 200 பிபிஎம்முக்கு ஏறக்குறைய 7 கிராம். பவுடரை முதலில் சிறிது தண்ணீரில் குழைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு குழாய் வால்வுகளை அடைக்கும்.

முதல் வாளியில் 40 மி.லி. ஊற்றிச் சோதனைத் தாளை நனைத்தால் 100தான் காட்டியது. பிளீச் டப்பா திறந்து பல மாதம் ஆனது, வெயில் படும் ஜன்னலோரம் இருந்தது. பாதிப் பலம் போயிருந்தது. சரி, பழசு என்று அளவை இரட்டித்தோம், 200 வந்தது. இதுவரை சரி.

அடுத்து தரைக்கு 500 பிபிஎம். அதே பழைய பிளீச், அதனால் 10 லிட்டருக்கு 200 மி.லி. தாளை நனைத்தோம். ஒரு நொடி கறுத்து, உடனே வெளுத்து வெள்ளையானது. வெள்ளை என்றால் தாளின் அட்டவணையில் பூஜ்யம். டப்பாவின் மேல் ஏற்கெனவே சந்தேகம் இருந்ததால் 'சுத்தமாகச் செத்துவிட்டது' என்று முடிவுகட்டி இன்னும் 200 மி.லி. ஊற்றினோம். மறுபடியும் வெள்ளை. இன்னும் 200. அதற்குள் இரண்டு பேருக்குக் கண் எரிந்து இருமல் வந்து வெளியே ஓட வேண்டியதாயிற்று. 200 பிபிஎம் வரை காட்டும் தாளை அதற்கு மிகவும் மேலான கரைசலில் நனைத்தால் குளோரின் தாளின் நிறத்தையே வெளுத்துவிடும். வெள்ளை என்பது 'இல்லை' என்றும் இருக்கலாம், 'மிக அதிகம்' என்றும் இருக்கலாம்.

அதற்கு மருந்து எளியது. கரைசலில் 50 மி.லி. எடுத்து, தண்ணீர் சேர்த்து 500 மி.லி. ஆக்கி, அதில் தாளை நனைத்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். அன்று வாளியில் இருந்தது 1,500. மொத்தத்தையும் கொட்டிவிட்டு, புதிய டப்பா வாங்கி, 100 மி.லி. கணக்கில் மறுபடி தொடங்கினோம். பலமான கரைசல் பட்ட எவர்சில்வர் விளிம்பில் சிறு சிறு துருப்புள்ளி விழுந்தது, அது இனிப் போகாது.

தரையும் சுவரும் 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும்; காய்ந்தால் மறுபடி தெளித்தோம். மேஜைக்கு 200 பிபிஎம்மைத் தாண்டவில்லை. அந்த அளவு வரை அலசாமல் காயவிடலாம், தாண்டினால் குடிநீரால் அலச வேண்டும். கரண்டி, தட்டுகளில் ஒரு பகுதியைக் குளோரின் இல்லாமல் 77 டிகிரி வெந்நீரில் 30 நொடி முக்கி எடுத்தோம். வெப்பமானி இருந்தால் அது இன்னும் நிம்மதியான வழி. வாளிக் கரைசல் கலங்கியதும் மாற்றினோம், கலங்காவிட்டாலும் ஒரு மணிக்கு ஒருமுறை தாள் வைத்துப் பார்த்தோம். பிளீச் இருக்கும் நாளில் அமிலம் கலந்த கறைநீக்கியையும் அம்மோனியா கலந்த எதையும் அறைக்குள்ளேயே விடவில்லை. இரண்டிலுமே விஷவாயு வரும்.

தண்ணீர்க் குழாய்கள்: மூன்று மாதிரி

தரைமட்டத் தொட்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்து, 200 பிபிஎம் பூசி, 30 நிமிடம் விட்டு, அலசி இறைத்தோம். தொட்டிக்குள் இறங்கியவருக்கு மேலே ஒருவர் காவல், காற்றோட்டத்துக்கு மின்விசிறி. பிறகு லாரித் தண்ணீர் 1,000 லிட்டர் விட்டு, 167 கிராம் பிளீச்சிங் பவுடரின் தெளிவை ஊற்றினோம். கணக்கு 50 பிபிஎம். அதை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, வடிகட்டிகளின் உள்சுருளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடினோம். வெந்நீர்க் கலத்தையும் இதில் சேர்த்தோம். 12 மணி நேரம் அப்படியே நின்றது. மறுநாள் முழுவதையும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசினோம்.

முதல் மாதிரி அன்றே எடுத்தோம். கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. மகிழ்ச்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை. மாதிரி எடுத்த பாட்டிலில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இல்லை, குழாயில் குளோரின் இன்னும் அதிகமாக இருந்தது. பாட்டிலுக்குள்ளேயே குளோரின் வேலை செய்துகொண்டிருந்திருக்கும். அந்த முடிவுக்கு மதிப்பில்லை. குடிநீரின் எந்த 100 மி.லி. மாதிரியிலும் மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா தென்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதை நேர்மையாகச் சோதிக்க, குழாய்நீரின் குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கிய பிறகு, ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அளக்க டிபிடி மாத்திரை பயன்படுத்தினோம். மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ திரவம் மொத்தக் குளோரினைக் காட்டும்; வேலை செய்யும் நிலையில் உள்ள குளோரின் எவ்வளவு என்று தனியே சொல்லாது.

பத்தாம் நாள் இரண்டாவது மாதிரி, நான்கு குழாய்களிலிருந்து. மூன்று தேறின. கைகழுவும் தொட்டிக் குழாயில் கோலிஃபார்ம், அதாவது அசுத்தம் புகுந்ததைக் காட்டும் பாக்டீரியா. குழாய்முனையின் வலையைத் திருகிக் கழற்றியபோது உள்ளே நுண்ணிய சேறு கேக் போலப் படிந்திருந்தது. குளோரின் விடும்முன் முனைவலைகளைக் கழற்றவேண்டும் என்பது தெரிந்த விஷயம். வடிகட்டிகளைக் கழற்றினோம், இதை விட்டுவிட்டோம். அலசும்போது குழாயில் கிளம்பிய மண்ணெல்லாம் அந்த வலையில் போய் ஒதுங்கியிருக்கிறது. அதே கிளையில், முன்பு எப்போதோ ஒரு இயந்திரத்துக்குப் போய் இப்போது முனை மூடிக் கிடந்த 1.5 மீட்டர் குழாயும் இருந்தது. அதற்குள் தண்ணீர் ஓடவே வழியில்லை, எத்தனை முறை அலசினாலும் குளோரின் உள்ளே போகாது. அதைப் பிரியும் இடத்திலேயே வெட்டி அடைத்தோம். எல்லா முனைவலைகளையும் புதிதாக மாற்றி, 50 பிபிஎம் சுற்றை மறுபடி நடத்தி, அலசி, டிபிடியில் 0.3 பிபிஎம் வந்து நின்ற பிறகு பதினைந்தாம் நாள் மூன்றாவது மாதிரி. மறுநாள் நான்கும் தேறின.

பனிக்கட்டி இயந்திரத்தில் இருந்த பனியைக் கொட்டி, வடிகட்டி மாற்றி, உள்பகுதியைக் கழுவிக் கிருமிநீக்கி, முதல் மூன்று சுற்றுப் பனியையும் கொட்டினோம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தெளிகுழல்களைக் கழற்றித் துளைகளைக் குத்தி, மூன்று சுற்று வெறுமனே ஓடவிட்டோம்.

சுவர், வடிகால், பூச்சி

தண்ணீர் 40 செ.மீ. வரைதான் ஏறியது. ஈரமானியை வைத்துப் பார்த்தால் ஜிப்சம் பலகை 70 செ.மீ. வரை ஈரம் இழுத்திருந்தது. 1 மீட்டரில் நேர்க்கோடாக வெட்டி எடுத்தோம், உள்ளே இருந்த பஞ்சுத்தடுப்பையும் சேர்த்து. பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்தில் கிளம்பும் என்பதால் இதை இரண்டாம் நாளே செய்தது நல்லதாயிற்று. பிரஷர் வாஷர் தள்ளிய சேறும் அப்போதே வெளிப்பட்டது. பலகையைத் தாங்கிய சட்டங்களின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க 9 நாள் ஆனது. அதன்பின் தண்ணீர் இழுக்காத சிமெண்ட் பலகை வைத்து மூடினோம்.

கழிவுநீரில் வரும் எண்ணெய்ப்பசையைப் பிடித்து வைக்கும் கிரீஸ் டிராப்பை முழுதாக உறிஞ்சி எடுக்கச் செய்தோம். வடிகாலில் 40 லிட்டரை ஒரே மூச்சாக ஊற்றி, எதிர்த்து வருகிறதா என்று பார்த்தோம். முதல்முறை வந்தது. 6 மீட்டர் தூரத்தில் மணல் அடைப்பு, ராடு விட்டு எடுத்தார்கள். வெள்ளத்தில் வளையை இழந்த எலிகள் உலர்ந்த இடம் தேடி வரும். குழாய் நுழையும் ஓட்டைகளில் விரல் நுழையும் எதையும் எஃகு நாரும் சிமெண்டும் வைத்து அடைத்தோம். இதைப் புதுச் சரக்கு வரும் முன் முடித்தது முக்கியம்.

போனது, அடுத்த முறை மாற்றுவது

மொத்தம் 214 ஆள்-மணி. அதில் சேறும் கழுவலும் மட்டும் 118. திரவ பிளீச் 10 லிட்டர், அதில் ஒரு பகுதி தாளைத் தவறாகப் படித்ததில் வீண். பிளீச்சிங் பவுடர் 340 கிராம், சோப்புத் திரவம் 12 லிட்டர், சோதனைத் தாள் 80, கையுறை 60 ஜோடி.

தரைவடிகால் மூன்றுக்கும் ரப்பர் அடைப்பான் வாங்கியாகிவிட்டது. சாக்கடை இணைப்பில் திரும்பாத வால்வும் போட்டாயிற்று. புதுக் குளிர்பதனப் பெட்டிக்கும் ஃப்ரீசருக்கும் 60 செ.மீ. இரும்புத் தாங்கி வெல்டிங்கில் இருக்கிறது. ஃப்ரீசரின் மேலடுக்கில் வெப்பநிலையைத் தானே பதியும் கருவி ஒன்று இருக்கும். இருந்திருந்தால் அந்த 14 கிலோவைப் பற்றிக் கணிக்க வேண்டி வந்திருக்காது. பிளீச் சிறு டப்பாக்களாக, இருட்டில், வாங்கிய தேதி எழுதி. 1,000 பிபிஎம் வரை காட்டும் தாள் ஒரு கட்டு. எல்லாக் குழாய்முனை வலைகளுக்கும் மாற்று ஒரு ஜோடி, அவற்றைக் கழற்றும் சாவியோடு, ஒரு டப்பாவில் போட்டுக் கதவுத் தாளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அடுத்த மாதம் நீர் மாதிரி மறுபடி எடுக்கிறோம், முதலில் கைகழுவும் தொட்டிக் குழாயில்.